ஃபுல் கேஷ் பீமாராவ்

செஞ்சி பஸ் டிப்போவில் பீமாராவ் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் டயர் மாட்டும் இடத்தில் வேலை செய்கிறார். அவரால் யாருக்கும் தொந்தரவில்லை. மற்றவர் டிரைவர். இவரைத்தான் ஊர் ‘ஃபுல் கேஷ்’ என்று கூப்பிடுகிறது. மெச்சி வைத்த பெயர் என்று வெளியூர்க்காரர் யாராவது நினைத்துக்கொண்டால் அது அவர் பாடு. செஞ்சி பஜாரில் மெச்சிப் பெயர் வைக்கும் வழக்கம் கிடையாது. நொண்டினால் நொண்டி, திக்கினால் திக்குவாய், ஊரறியப் பணம் கட்டிக் கார் வாங்கினால் ஃபுல் கேஷ்.

பீமாராவுக்கு நாற்பத்தெட்டு வயது. சீயமங்கலம் தடத்தில் பஸ் ஓட்டுகிறார். மூக்குக்கு மேல் கோபம். ஹாரன் அடித்தும் ஓரம் போகாத பைக்குக்காரன், படியில் தொங்கும் காலேஜ் பிள்ளைகள், நடுரோட்டில் நெல் காயப்போடுகிறவர்கள், எல்லோரும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அவரோடு வேலை செய்கிற கண்டக்டர் பச்சமுத்து, “அந்தாளு பிரேக்க மிதிக்கிறதவிட மனுசன மிதிக்கிறதுதான் ஜாஸ்தி” என்பார்.

அந்தக் கோபம் வானத்திலிருந்து குதித்ததல்ல. வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவர் பீமாராவ். அப்பா பொன்னுசாமி, செஞ்சி பஜாரில் சிங்காரவேலுவின் மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்கியே முதுகு வளைந்து செத்தவர். அவர்கள் வீட்டில் இருந்த எந்தப் பொருளும் வெறும் பொருளாக இருந்ததில்லை. வீட்டுச் சுவரில் எந்தத் திட்டத்தில் கட்டியது என்று எழுதியிருந்தது. பள்ளிக்கூடப் பையின் மேல் கொடுத்தவர்களின் படம் இருந்தது. அண்டாவில்கூட யாரோ ஒருவர் பெயர் வெட்டியிருந்தது. மண்டிக்காரர் மகள் கல்யாணத்தில் மிஞ்சிய அண்டா அது.

இருபத்து மூன்று வயதில் பீமாராவ் அரசாங்கக் கடனில் ஒரு ஆட்டோ வாங்கினார். அதன் முதுகில் மஞ்சள் பெயின்டில், ‘இந்த வாகனம் அரசுக் கடனுதவியில் வழங்கப்பட்டது’ என்று எழுதித்தான் கொடுத்தார்கள். அந்த ஒரு வரி அவரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. கூட்டு ரோட்டில் சவாரி ஏறுகிறவர்கள் இறங்கும்போது அந்த எழுத்தைப் பார்ப்பார்கள். “கவர்மென்ட் சும்மா குடுத்த வண்டிதானப்பா, அஞ்சு ரூபா கொறச்சிக்கினா இன்னா கொறஞ்சா பூடுவ?” என்பார்கள். சும்மா யாரும் கொடுக்கவில்லை. மாதா மாதம் டியூ கட்டினார். நடுவில் கால் உடைந்து படுத்தபோது, பத்தாவது படித்துக்கொண்டிருந்த தம்பி இளவழகன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு கட்டட வேலைக்குப் போய் அந்த டியூவைக் கட்டினான். அவன் திரும்பப் பள்ளிக்கூடம் போகவே இல்லை. கடன் தீர்ந்த அன்று பீமாராவ் பெயின்டரைக் கூப்பிட்டு அந்த வரியின் மேல் கறுப்பு அடிக்கச் சொன்னார். கறுப்பு அடித்தும் போகவில்லை. மழை பெய்து வண்டி நனைந்தால் எழுத்து உள்ளிருந்து மேலே தெரிந்தது.

பிறகு பஸ் டிரைவர் வேலை கிடைத்தது, ஆட்டோவை விற்றார். நர்ஸ் வேலை பார்த்த சுவாதியைக் கட்டிக்கொண்டார். பிள்ளை இல்லை. இளவழகனின் மகள் தமிழினிதான் பாதி நாள் இவர்கள் வீட்டில் வளர்ந்தாள். பெரியம்மாவைப் பார்த்துப் பார்த்து, தானும் நர்ஸ் ஆவேன் என்று ஒன்பதாவது படிக்கும்போது சொன்னாள். “படிம்மா. காலேஜ் செலவு இந்தப் பெரியப்பன் செலவு” என்றார் பீமாராவ். தன் படிப்பைத் தொலைத்த தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். வாய் வார்த்தைக்குச் சொன்னதல்ல, மனதாரச் சொன்னது.

ஒரு கார் வாங்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. எப்படி வாங்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. கடனில் வாங்கினால், ஆர்.சி.யில் சொந்தக்காரர் பெயரோடு கடன் கொடுத்த கம்பெனியின் பெயரும் ஏறிவிடும். கடன் தீர்ந்து, அவர்களிடம் கடிதம் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்து அந்தப் பெயரை எடுக்கும்வரை அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். “என் வண்டில இன்னொருத்தன் பேரு இருக்கக் கூடாது. அவ்ளோதான்” என்றார்.

சுவாதி கணக்குத் தெரிந்தவள். “பாதி கட்டிட்டு பாதிக்கு லோன் போடுங்க. அடுத்த வருசம் தமிழினிய காலேஜ்ல சேக்கணும். கையில காசு வேணும்.”

“அதுக்கு டிப்போ சொசைட்டி லோன் இருக்குது. கேட்டா குடுத்துட்டுப் போறான்.”

“ஏன், சொசைட்டி லோன் மட்டும் கடன் இல்லையா?”

“அது எவன் கண்ணுக்கும் தெரியாது.”

இதற்கு மேல் இந்த மனிதனிடம் பேசிப் பயனில்லை என்று சுவாதி சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களோடு பேசினாள்.

திண்டிவனம் ரோட்டில் புதிதாக ஒரு கார் ஷோரூம் திறந்திருந்தார்கள். அங்கே கடன் ஏற்பாடு செய்யும் மேசையில் உட்கார்ந்திருந்தவன் விக்ரமன், மல்லாட்டை மண்டி சிங்காரவேலுவின் மகன். மண்டியில் வியாபாரம் படுத்துவிட்டது, மகன் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வட்டி விற்க வந்துவிட்டான். பீமாராவை விடப் பதினைந்து வயது சின்னவன்.

“வாங்க பீமாராவ், உக்காருங்க. லோன் எவ்ளோ போடலாம்?”

“லோன் வேணாம்.”

“சரி, முன்பணம் எவ்ளோ கட்டறீங்க?”

“மொத்தமும்.”

விக்ரமன் பேனாவை மூடினான். அவனுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. கார் விற்றால் அவனுக்கு ஒன்றும் இல்லை. கடன் விற்றால்தான் கமிஷன். “கவர்மென்ட் சம்பளக்காரரு நீங்க. லோன் டீ ஆறுறதுக்குள்ள பாஸாயிடும். பணத்த பேங்க்ல போட்டு வைங்க, ஆத்திர அவசரத்துக்கு ஆவும். மொத்தமா குடுத்து வாங்க கார் இன்னா பெட்டிக்கடை சோப்பா?”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவன் வாயிலிருந்து வந்ததால் பீமாராவுக்கு அது நியாயமாகப் படவில்லை. “நான் லோன் போட்டா உனக்கு இன்னா கெடைக்கும்?” என்று நேராகவே கேட்டார்.

விக்ரமன் முகம் சுருங்கியது. “ஃபுல் கேஷ்னா வெள்ளை கலர் இப்ப இல்ல. மூணு மாசம் ஆவும்.”

“வெளிய ரெண்டு நிக்குதே.”

“அது ஃபைனான்ஸ் போட்டவங்களுக்கு.”

“ஏன், என் காசு செல்லாதா?”

சத்தம் கேட்டு மேனேஜர் எட்டிப் பார்த்தார். விக்ரமன் அவருக்கும் கேட்கும்படி சிரித்தான். “கோவப்படாதீங்க. உங்க நைனா எங்க மண்டில அடுத்த வாரக் கூலிய இந்த வாரமே வந்து கேட்டு நிப்பாரு. நீங்க மொத்தமா தரேன்றீங்க. சந்தோசமா இருக்குது, அதான் கேட்டேன்.”

அவன் மட்டும் மேசைக்கு அந்தப் பக்கம் இல்லாமல் இருந்திருந்தால் அன்று பீமாராவின் கை பேசியிருக்கும். மேனேஜர் நடுவில் வந்தார். வெள்ளை கார் ஒன்றை ஒதுக்கி வைக்கிறேன், திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை பீமாராவ் செய்ததுதான் அவர் வாழ்க்கையிலேயே பெரிய முட்டாள்தனம். பேங்கில் இருந்து பேங்குக்குப் பணத்தைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்தால் விக்ரமன் கண்ணில் அது படாதே! தன் அப்பா கூலிக்குக் கை நீட்டிய குடும்பத்தின் மூக்கின் கீழ் அத்தனையும் நோட்டாகக் கொட்ட வேண்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டார். டிப்போவில் போட்ட சீட்டுப் பணத்தை வாங்கினார். கொஞ்சம் குறைந்தது, சுவாதியின் வளையல்களை விற்கச் சொன்னார். அவள் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பினாள். பேங்கில் இருந்ததை வழித்து எடுத்து, எல்லாவற்றையும் துணிக்கடை கட்டைப்பை ஒன்றில் போட்டுக்கொண்டு காந்தி பஜார் வழியாகவே நடந்தார். ஷோரூமுக்குக் குறுக்கு வழி உண்டு. அதில் போனால் மண்டி வாசல் வராது.

“இன்னா பீமா, பையில?” என்று கேட்டவருக்கெல்லாம் நின்று பதில் சொன்னார். “காரு வாங்கப் போறேன். ஃபுல் கேஷ்.” பூக்கடையில் சொன்னார். செருப்புக் கடையில் சொன்னார். மண்டி வாசலில் கேட்காமலேயே சொன்னார்.

ஷோரூமில் பையைக் கவிழ்த்துக் கொட்டியபோது விக்ரமன் எழுந்துகூட நிற்கவில்லை. “எடுங்க, எடுங்க. ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ நோட்டா வாங்கக் கூடாது. சட்டம். பேங்க்ல போட்டு அனுப்புங்க. இதுகூடத் தெரியாமத்தான் ஃபுல் கேஷுன்னு வந்தீங்களா?”

தன்னை அவமானப்படுத்தவே அப்படிச் சொல்கிறான் என்று பீமாராவ் கத்தினார். மேனேஜர் வந்து சட்டம் அதுதான் என்றார். கணக்குப் பிள்ளை வந்து அதுதான் என்றார். கடைசியில், கொட்டியதையெல்லாம் பொறுக்கித் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, அதே பஜார் வழியாக பேங்குக்கு நடந்தார். போன பை திரும்பி வருவதைப் பஜாரே பார்த்தது. கள்ள நோட்டு என்று ஒரு கடையில் பேச்சு. அவர் ஜாதியைச் சொல்லி விற்கவே மாட்டோம் என்றுவிட்டார்களாம் என்று இன்னொரு கடையில். அந்தப் பேச்சுகளின் வாயை அடைக்க, கார் வந்த பிறகு பீமாராவ் ஒவ்வொரு கடையாக நின்று மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. “பேங்க் வழியாக் கட்டினேன். ஃபுல் கேஷ்தான். ஒரு ரூபா கடன் இல்ல.” பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆர்.சி. கார்டு வந்த அன்று அவர் சாப்பிடக்கூட இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் ஒன்றுதான் இருந்தது. கடன் கொடுத்தவர் பெயர் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. பெயர் இருக்கிற இடத்தைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். இந்த மனிதர் காலியாக இருந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். அதைப் பார்த்தபோது சுவாதிக்கே ஒரு நிமிஷம் வளையல் போன வருத்தம் குறைந்தது.

அந்தச் சந்தோஷம் பத்து நாள்கூட நிற்கவில்லை.

முதலில் வந்தவர் கண்டக்டர் பச்சமுத்து. மகளுக்கு மஞ்சள் நீராட்டு, கைமாற்றாக ஐம்பதாயிரம் வேண்டும் என்றார். இல்லை என்றார் பீமாராவ். உண்மையாகவே இல்லை, இருந்ததெல்லாம் வாசலில் வெள்ளையாக நின்றது. பச்சமுத்து நம்பவில்லை. அன்றிலிருந்து பஸ்ஸில் விசில் ஊதுவதில் வஞ்சம் தீர்த்துக்கொண்டார். ஜனம் ஏறி முடித்து ரொம்ப நேரம் ஆன பிறகுதான் ஊதுவார். கேட்டால், “ஃபுல் கேஷ் வண்டி மாதிரி இது பறக்காது சாமி” என்பார்.

அடுத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறவர்கள் வசூல் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். கட்சிக்காரர்கள் வந்தார்கள். சுவாதியின் சித்தப்பா மகன் போர் போட வேண்டும் என்று வந்தான். இல்லை என்று சொன்னால் யாரும் எழுந்து போகவில்லை. காரைப் பார்த்தார்கள், பீமாராவைப் பார்த்தார்கள், தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

எதிர்வீட்டு வெற்றிவேலும் அதே காரைத்தான் வாங்கியிருந்தார். ஏழு வருஷத்துக்குக் கடன். அவர் பின்கண்ணாடியில் ஃபைனான்ஸ் கம்பெனி ஸ்டிக்கர் பளபளத்தது. அவரிடம் யாராவது கேட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “டியூ கட்டவே சரியாப் போவுதுங்க” என்பார். “பாவம், அவரே டியூ கட்டறாரு” என்று கேட்க வந்தவர்களே ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். உண்மையில் வெற்றிவேலிடம் பணம் இருந்தது. பேங்கில் போட்டு வட்டி வாங்கிக்கொண்டிருந்தார். நம் ஊரில் கடன் வைத்திருக்கிறவனை யாரும் அண்டமாட்டார்கள். அது தெரியாமல், ஒரு ரூபாய் கடன் இல்லை என்று கடை கடையாகப் போய்ச் சொன்ன மனிதனை என்ன சொல்வது?

“அதுக்குத்தான் பாதி லோன் போடுங்கன்னேன்” என்றாள் சுவாதி.

“வாய மூடு.”

“என் வாய மூடிடலாம். ஊரு வாய?”

ஆடி மாதம் இளவழகன் வந்தான். தமிழினியும் வந்தாள். அரசு கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. விழுப்புரத்தில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றரை லட்சம் கட்டாவிட்டால் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும். தமிழினி கல்லூரிப் படிவத்தைப் பெரியப்பாவிடம் காட்டச் சிரித்துக்கொண்டு வந்தாள். இந்தப் பணம் வரும் என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. நான்கு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் வாக்கு அது.

போன மாதமே பீமாராவ் சொசைட்டிக்குப் போய்க் கேட்டிருந்தார். இந்த வருஷம் கொடுக்க வேண்டியதெல்லாம் கொடுத்தாயிற்று, பொங்கல் கழித்து வாருங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். எப்படியாவது நடந்துவிடும் என்று அதை அவர் சுவாதியிடம்கூடச் சொல்லவில்லை.

“இப்ப கையில இல்லடா. சொசைட்டில பொங்கலுக்கு அப்பறம்தான்னு சொல்லிட்டான்.”

இளவழகன் முதலில் சிரித்தான். “வெளாடாதண்ணா.”

“வெளாடல. இல்ல.”

“காரு வாங்கறப்ப இருந்த காசு எங்க போச்சு?”

“அதான் காரா நிக்குதே!”

இளவழகன் வாசலில் நின்ற காரைப் பார்த்தான். அவன் சிரிப்பு போய்விட்டது. “எவனப் பாத்தாலும் சொல்றான், உங்கண்ணன் பை நெறைய பணம் எடுத்துக்கினு போனான்னு. கடன் வாங்கத் தெரியாதவனா நீ? லோன் போட்டிருந்தா எம்பொண்ணு காசு உங்கையில இருந்திருக்கும் இல்ல? எம்பொண்ணு காசயும் போட்டுத்தான் நீ ஃபுல் கேஷுன்னு பேரு வாங்கின.”

“மரியாதையாப் பேசு.”

“உன் டியூவ கட்டறதுக்கு செங்கல் தூக்கினவன் நானு. அப்ப மரியாத பாத்தேனா நான்?”

அதற்கு மேல் பேசியதையெல்லாம் எழுத முடியாது. அண்ணன் தம்பி என்றால் பழைய காயம் எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியுமே, அங்கேயே குத்தினார்கள். காசு இல்லை என்று அண்ணன் சொல்வது பொய் என்றான் இளவழகன். தூக்கிய செங்கல்லுக்கு விலை கேட்க வந்தாயா என்றார் பீமாராவ். நைனா செத்தபோது பாடை செலவைக்கூட நான்தான் பார்த்தேன் என்றான் அவன். தெருவே வெளியில் வந்து நின்றது. எதிர்வீட்டு வெற்றிவேல் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார்.

“வா நைனா, போலாம்” என்று தமிழினிதான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். பெரியப்பாவை அவள் பார்க்கவில்லை. படிவம் நாற்காலியிலேயே கிடந்தது. சுவாதி ஓடிப்போய்க் கொடுத்தாள், வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று ராத்திரி வீட்டில் சண்டை இல்லை. சோற்றை வைத்துவிட்டு சுவாதி உள்ளே போய்விட்டாள். மறுநாள் டூட்டிக்குக் கிளம்பும்போது வெறும் மணிக்கட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இதுல ஏதாவது இருந்திருந்தா இன்னைக்கு அடகு வெச்சிருப்பேன். இப்ப இருக்கறது அந்தக் காரு ஒண்ணுதான். போய் அத அடகு வெச்சிட்டு வாங்க. இல்லன்னா அந்தப் பொண்ணு மூஞ்சில முழிக்காதீங்க. என் மூஞ்சிலயும்.”

பீமாராவ் முதலில் பேங்குக்குத்தான் போனார். காரின் மேல் கடன் தருவோம், பத்து பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. உடனே தருகிற இடம் செஞ்சியில் ஒன்றுதான் உண்டு என்று டிப்போவில் சொன்னார்கள். யார் மேசை என்று அவர்கள் சொல்லத் தேவையில்லை.

விக்ரமன் இந்தத் தடவை எழுந்து நின்றே வரவேற்றான். டீ வரவழைத்தான். அந்த மரியாதைதான் பீமாராவுக்கு அதிகமாக எரிந்தது.

“அன்னிக்கே சொன்னேன்” என்று ஆரம்பித்தான் விக்ரமன். “புது வண்டிக்குன்னா வட்டி கம்மி. இப்ப அது பழைய வண்டி. வாங்கி ஆறு மாசந்தான் ஆவுதுன்னாலும் பழசு பழசுதான். வட்டி ஜாஸ்தி. அதுக்கு நான் இன்னா பண்றது?” அவன் குரலில் அத்தனை பரிதாபம். இனிப்பு சாப்பிடுகிறவன் மாதிரி ஒவ்வொரு சொல்லையும் மென்று சொன்னான்.

பீமாராவ் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். ஆர்.சி.யை எடுத்து மேசை மேல் வைத்தார். கம்பெனியின் பெயர் ஏறித் திரும்ப வரும் என்றான் விக்ரமன். அவர் தலையாட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். ஆனால் பையன் ஒருவன் கம்பெனி ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு காரின் பின்பக்கம் போனதும் எழுந்துவிட்டார்.

“அத ஒட்ட வேணாம்.”

“ரூல் ஆச்சே.”

“வேணாம்.” பீமாராவ் மேசைப் பக்கம் திரும்பினார். “வேணாம் சார்.”

மல்லாட்டை மண்டிக்காரர் மகனை அவர் சார் என்றது அந்த ஒரு தடவைதான். விக்ரமன் தாராள மனசோடு கையை அசைத்துப் பையனைத் திருப்பிக் கூப்பிட்டான்.

பணம் வியாழக்கிழமை மதியம் கணக்கில் ஏறியது. எடுத்து வந்து சுவாதியிடம் கொடுத்தார். அவள் எண்ணிக்கூடப் பார்க்காமல் இளவழகனுக்குப் போன் போட்டாள். முதலில் வரமாட்டேன் என்றான். தமிழினிக்காக வா என்றாள். சாயங்காலம் அப்பாவும் மகளும் வந்தார்கள். இளவழகன் உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றான். சுவாதி நீட்டிய உறையை வாங்கிப் பிரித்தான். பேங்கில் சுற்றிய காகிதம் பிரிக்காத நோட்டுக் கட்டுகள். அவன் முகம் இளகும் என்று சுவாதி நினைத்தாள். அது இன்னும் இறுகியது.

“இருந்துச்சு பாரு” என்றான். அண்ணனைப் பார்த்துச் சொல்லவில்லை, மகளிடம் சொன்னான். “ரெண்டு நாள் முன்னாடி இல்லன்னு அடிச்சி சத்தியம் பண்ணாரு பெரியப்பா. ரெண்டே நாள்ல எங்கேர்ந்து வந்துச்சு? இருந்துச்சு. நாம காலுல விழுறமான்னு பாத்துக்கினு இருந்திருக்காரு.”

தமிழினி பெரியப்பாவைப் பார்த்தாள். அப்படி இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுகிற பார்வை அது. சுவாதி வாயைத் திறந்தாள். பீமாராவ் கையை ஓங்காத குறையாக அவளைத் திரும்பிப் பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் வெற்றிவேல் காரைத் துடைப்பது மாதிரி நின்றுகொண்டிருந்தார். காது முழுக்க இங்கேதான். காரை அடகு வைத்ததைச் சொல்லிவிட்டால் நாளைக் காலை பஜாருக்குப் போகும். மண்டி வாசலுக்குப் போகும்.

“ஆமாண்டா, இருந்துச்சு” என்றார் பீமாராவ், தெருவுக்கே கேட்கிற மாதிரி. “வேணும்னுதான் குடுக்கல. இப்ப இன்னாங்கற?”

இளவழகன் உறையை மடியில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான். தமிழினி கொஞ்சம் நின்றாள். பிறகு, போய்ட்டு வரேன் பெரியப்பா என்று சொல்லாமலே இறங்கிப் போய்விட்டாள்.